பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு பிளேட், அப்பாவுக்கு ஏன் இல்லை?

வாசகர் கேள்வி: எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை உண்டு, பீடி பழக்கமும் உண்டு. பதினோரு வாரத்துக்கு முன்னால் மொபெட்டில் வரும்போது நாய் குறுக்கே ஓடியதில் விழுந்துவிட்டார். வலது பக்கம் ஐந்து விலா எலும்பு முறிவு. நெஞ்சில் ட்யூப் போட்டு ஐந்து நாள் வைத்திருந்தார்கள். "பிளேட் வைக்கலாம், வைக்காமலும் பார்க்கலாம், நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார் டாக்டர். விலா எலும்பு தானாகச் சேரும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னதால், ஆபரேஷன் வேண்டாம் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் வென்டிலேட்டரில் இருந்தவருக்கு மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் ஒரு பக்கம் உள்ளே குழியும். அவருக்கு மூன்றாம் நாளே பிளேட் வைத்தார்கள். இப்போது லாரி பட்டறை வேலைக்கே போகிறாராம். அப்பாவால் இன்னும் வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. புரளும்போது ஓரிடத்தில் 'டொக்' என்கிறது. பகல் முழுக்க நெஞ்சு பெல்ட் போட்டிருக்கிறார். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறார். சித்தப்பா புத்தூர் கட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்கிறார். நான் தப்பு செய்துவிட்டேனா? இப்போதாவது ஆபரேஷன் செய்யலாமா? தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்க முடியுமா என்று அப்பா வேறு கேட்டுக்கொண்டே இருக்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டும் சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தப்பு செய்யவில்லை. அனுப்பிய காகிதங்களை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அப்பாவின் நிலையில் "வைக்கலாம், வைக்காமலும் பார்க்கலாம்" என்பதுதான் நேர்மையான பதில். அந்த டாக்டர் அதையே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த இரண்டில் எதை, எதற்காக என்று உட்கார்ந்து பேசாமல் முடிவை உங்கள் தலையில் வைத்துவிட்டுப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. அவசரப் பிரிவில் அப்படித்தான் நடக்கிறது. நானும் அப்படி நடந்துகொண்டிருக்கிறேன். அன்று பேசியிருக்க வேண்டியதை இன்று எழுதுகிறேன்.

கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கிறோம். விலா எலும்பை அப்படி வைக்க முடியாது. சும்மா படுத்திருக்கும் மனிதர் ஒரு நாளில் ஏறக்குறைய இருபதாயிரம் முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த முறிவு அசைகிறது. அப்படி அசைந்தும் பெரும்பாலான விலா முறிவுகள் சேர்ந்துவிடுகின்றன என்பதுதான் ஆச்சரியம். விலாவைச் சுற்றி நல்ல தசை இருக்கிறது, ரத்த ஓட்டம் இருக்கிறது, மேலும் கீழும் இருக்கும் விலாக்கள் முட்டுக் கொடுக்கின்றன. உங்கள் சொந்தக்காரர்கள் சொன்னது அந்த அளவில் சரிதான்.

ஆனால் எலும்பு சேருமா என்பது அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. எலும்பு சேர ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். அந்த முதல் வாரத்தை மனிதர் எப்படித் தாண்டுவார் என்பதுதான் கேள்வி. வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக இழுப்பார். இருமினால் உயிர் போகிற மாதிரி இருப்பதால் இருமலை அடக்குவார். சளி நுரையீரலின் அடியில் தேங்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள் காய்ச்சல் வரும். விலா முறிந்தவர்களை நாங்கள் இழப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது கிணற்று மேட்டில் சறுக்கி விழுந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் மூன்று விலா. "மூணுதானே" என்று மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பினோம். நான்காம் நாள் உதடு நீலம் பூத்துத் திரும்பி வந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் ஐசியுவில் கிடந்துதான் பிழைத்தார். அன்று அவரை ஒரே ஒரு முறை இருமச் சொல்லிப் பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டோம். போதாததற்கு, சாதாரண எக்ஸ்ரேயில் விலா முறிவுகளில் பாதி வரை கண்ணுக்குத் தப்பிவிடும். அவருக்கு மூன்றா, ஆறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதிலிருந்து நெஞ்சு அடிபட்டு யார் வந்தாலும் படத்தைப் பிறகு பார்க்கலாம் என்று, முதலில் "எங்கே, இருமுங்க" என்கிறேன்.

வயது கூடக் கூட இந்தக் கணக்கு கடுமையாகும். 65 வயதைத் தாண்டியவர்களை வைத்து 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் சியாட்டில் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். கூடுதலாக முறியும் ஒவ்வொரு விலாவுக்கும் உயிர் ஆபத்து 19 விழுக்காடும் நிமோனியா வாய்ப்பு 27 விழுக்காடும் ஏறியதாக அவர்கள் கண்டார்கள். உங்கள் அப்பா அந்த வயதுக்கு நான்கு வருடம் இந்தப் பக்கம் இருக்கிறார், ஆனால் பீடியும் சர்க்கரையும் அந்த நான்கு வருடத்தைச் சாப்பிட்டிருக்கும்.

இப்போது பக்கத்துக் கட்டிலுக்கு வருகிறேன். மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் ஒரு பக்கம் உள்ளே குழிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை நான் பார்த்ததில்லை, அவருடைய ஸ்கேனும் என்னிடம் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வரி போதும். அடுத்தடுத்த மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விலாக்கள், ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் முறிந்தால், நடுவில் இருக்கும் துண்டு நெஞ்சுக்கூட்டிலிருந்து பிரிந்து தனியாக ஆடும். நாங்கள் இதை ஃப்ளெயில் செஸ்ட் என்போம். நெஞ்சு விரியும்போது அந்தத் துண்டு உள்ளே போகும், சுருங்கும்போது வெளியே வரும். ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி, எவ்வளவு ஊதினாலும் காற்று சேராது. அதோடு கீழே நுரையீரலும் கன்றிப்போயிருக்கும். அந்தக் கன்றல் முதல் ஒன்றிரண்டு நாளில் குறையாது, கூடும். அதனால் வரும்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கூட மறுநாள் வென்டிலேட்டருக்குப் போய்விடலாம்.

அப்பாவின் சிடி ரிப்போர்ட்டில் இருப்பது வேறு: ஐந்தாவது விலாவிலிருந்து ஒன்பதாவது வரை, ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் முறிவு. நான்கு ஏறக்குறைய நேராகவே நிற்கின்றன. ஏழாவது மட்டும் முழுக்க விலகி, ஒரு முனை இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறது. நெஞ்சு எங்கும் குழியவில்லை. ஆக்சிஜன் இரண்டு நாள்தான் தேவைப்பட்டிருக்கிறது. மூன்றாம் நாள் தானே நடந்து பாத்ரூம் போயிருக்கிறார். மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை மேலே ஏற்றும் பந்துக் கருவியில் இரண்டு பந்து ஏறியது என்று பிசியோதெரபிஸ்ட் எழுதி வைத்திருக்கிறார், அவருக்கு நன்றி. ட்யூப் எடுத்த பிறகான எக்ஸ்ரேயில் நுரையீரல் நன்றாக விரிந்திருக்கிறது, ரத்தம் தேங்கவில்லை.

பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலும் இரண்டு பேருக்கும் வந்த நோய் ஒன்றல்ல. அவருக்கு பிளேட் வைத்தது மூச்சுக்காக. உங்கள் அப்பாவுக்கு வைத்திருந்தால் வலிக்காக வைத்திருப்பார்கள்.

வலிக்காக வைப்பது தப்பா? தப்பில்லை. ஆனால் அங்கேதான் எங்களுக்குள்ளேயே அடிதடி. கொஞ்சம் பழைய கதை சொன்னால் புரியும்.

ஒரு காலத்தில் டாக்டர்களே நெஞ்சைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடும் துண்டைக் கொக்கியில் மாட்டி, கப்பியில் எடை தொங்கவிட்டு வாரக்கணக்கில் இழுத்து வைத்ததும் உண்டு. 1956இல் ஏவரி, மோர்ச், பென்சன் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள், வெளியிலிருந்து கட்டுவதற்குப் பதில் வென்டிலேட்டர் காற்றாலேயே உள்ளிருந்து முட்டுக் கொடுக்கலாம் என்றார்கள். அப்புறம் கொஞ்ச காலம் ஃப்ளெயில் செஸ்ட் என்றாலே வென்டிலேட்டர்தான். குழாய் போட்டவர்களுக்கு அந்தக் குழாயாலேயே நிமோனியா வந்தது. 1975இல் டிரிங்கிள் என்பவரின் குழு, வலியை அடக்கி நுரையீரலைக் கவனித்தால் பலருக்கு வென்டிலேட்டரே வேண்டாம் என்று காட்டியது. விலாவின் வளைவுக்கு ஏற்ற மெல்லிய டைட்டானியம் பிளேட்டுகள் பிறகு வந்தன. 2002இல் ஜப்பானில் 37 பேர், 2013இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 46 பேர் என்று சின்னச் சின்ன ஆய்வுகள். இரண்டிலும் வென்டிலேட்டரில் இருந்த ஃப்ளெயில் நோயாளிகளில் பிளேட் வைத்தவர்கள் ஐசியுவை விட்டுச் சீக்கிரம் வெளியே வந்தார்கள். நாங்கள் எல்லோரும் உற்சாகமாகிவிட்டோம். கையில் ஸ்குரூ டிரைவர் இருப்பவருக்கு எதைப் பார்த்தாலும் திருகத் தோன்றும்.

2022இல் கனடாவிலும் அமெரிக்காவிலுமாக 15 மருத்துவமனைகளில் 207 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. ஃப்ளெயில் அல்லது பலமாகச் சிதைந்த நெஞ்சுச் சுவர் உள்ளவர்கள் மட்டும். வென்டிலேட்டர் இல்லாமல் கழித்த நாட்களை மொத்தமாக எண்ணிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆய்வில் சேரும்போதே வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. உங்கள் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அந்த வகை.

ஃப்ளெயில் இல்லாதவர்களைப் பற்றி 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. ஒரே பக்கத்தில் மூன்றுக்குக் குறையாத விலாக்கள் முழுக்க விலகிப்போனவர்களை அதில் எடுத்துக்கொண்டார்கள். பிளேட் வைத்தவர்களுக்கு இரண்டாவது வாரத்தில் வலி குறைவாக இருந்தது. ஆனால் அதில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சை என்று தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டவர்கள். ஆசைப்பட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர் வலி குறைந்தது என்பார்தானே? 2023இல் அமெரிக்காவிலேயே 84 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பிரித்துச் செய்த ஆய்வில், ஆபரேஷன் ஆனவர்கள்தான் மருத்துவமனையில் அதிக நாள் இருந்தார்கள். அப்பாவுக்கு முழுக்க விலகியது ஒரே ஒரு விலா. 2020 ஆய்வில் சேர்க்கும் அளவுக்குக்கூட அவர் இல்லை.

என் வழக்கத்தைக் கேட்டால் இதுதான். நெஞ்சு குழிகிறது, அல்லது வென்டிலேட்டரிலிருந்து எடுக்கவே முடியவில்லை என்றால் தயங்காமல் பிளேட். ஃப்ளெயில் இல்லை, ஆனால் மூன்று நான்கு விலா நன்றாக விலகியிருக்கிறது என்றால், முதலில் வலிக்கு எல்லா மருந்தும் கொடுத்துப் பார்ப்பேன். எல்லா மருந்தும் என்றால் இரண்டு பாராசிட்டமால் இல்லை. மயக்க மருத்துவரைக் கூப்பிட்டு முதுகில் வலி மருந்து ஏற்றும் எபிடியூரல் குழாயோ, விலா நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசியோ போடச் சொல்வேன். இந்த ஊசி நம் ஊரில் இன்னும் பலருக்குக் கிடைப்பதில்லை. கேட்டால் கிடைக்கும் இடங்களில்கூடக் கேட்பதில்லை. அதையும் போட்டு, அதற்குப் பிறகும் இருமவே முடியவில்லை, ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போகிறது என்றால் பிளேட் பேச்சை எடுப்பேன். அந்தப் பேச்சை முதல் 72 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் ரத்தம் உறைந்து, இளம் எலும்பு முளைக்கத் தொடங்கி, முனைகளைப் பிரித்துச் சேர்ப்பது சிரமமாகும்.

ஆபரேஷனைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது நாளை தேவைப்படலாம். முழு மயக்கம். முறிவின் மேலேயே தோலைக் கிழித்து, தசையை முடிந்தவரை வெட்டாமல் விலக்கி உள்ளே போவோம். எலும்பை நேராக்கி, மேலே பிளேட்டைப் படியவைத்து, முறிவுக்கு இரண்டு பக்கமும் ஸ்குரூ போட்டு முடுக்குவோம். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பை ஒட்டியும் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன, கை அங்கே போகாமல் பார்த்துக்கொள்வதில்தான் பாதித் திறமை. முறிந்த எல்லா விலாவுக்கும் பிளேட் வைக்க மாட்டோம். பொதுவாக மூன்றிலிருந்து பத்து வரைதான். மேலே முதல் இரண்டும் ஆழத்தில், பெரிய ரத்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கடைசி இரண்டும் மூச்சுக்கு அவ்வளவு உதவுவதில்லை. ஆபத்து இல்லையா என்றால், உண்டு: சீழ், ரத்தக் கசிவு, ஸ்குரூ தளர்வது, தழும்பைச் சுற்றி மரத்துப்போவது. தொந்தரவு தராத பிளேட்டை எடுக்கத் தேவையில்லை, கடைசிவரை இருக்கலாம். எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் உள்ளே டைட்டானியம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னால் போதும். செலவில் பெரும்பகுதி பிளேட்டின் விலைதான், எத்தனை விலா என்பதைப் பொறுத்து ஏறும். சாலை விபத்தாக இருந்தால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான அரசின் "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" திட்டத்தையும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் பற்றி மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதல் நாளே கேளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று கேட்டுப் பயனில்லை.

சரி, உங்கள் அப்பாவின் இன்றைய நிலைக்கு வருவோம். பதினோரு வாரம் ஆகியும் வலி இருப்பதைப் பார்த்து, எலும்பு சேரவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விலா வலி மூன்று மாதம் தாண்டுவது சாதாரணம். சிலருக்கு ஆறு மாதம்கூட இழுக்கும். பிளேட் வைத்தவர்களும் இதற்கு விலக்கில்லை. லாரி பட்டறைக்காரர் வேலைக்குப் போகிறார் என்பது உங்களுக்குத் தெரிகிறது, ராத்திரி எப்படிப் படுக்கிறார் என்று தெரியாதல்லவா!

அந்த 'டொக்' சத்தத்தைத்தான் கவனிக்க வேண்டும். அப்பாவையே ஒரு விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான்கு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். ஒவ்வொரு முறையும் விரல் அதே இடத்துக்குப் போனால், அது பெரும்பாலும் முனை ஏறியிருந்த அந்த ஏழாவது விலாவாக இருக்கும். விரல் ஓரிடத்தில் நிற்காமல் உள்ளங்கையால் பக்கம் முழுவதையும் தடவிக் காட்டினால், அது தசையும் நரம்பும். எரிச்சலாக இருக்கிறதா, சட்டை பட்டாலே கூசுகிறதா, முன்பக்கம் வரை மின்சாரம் போல ஓடுகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் அது நரம்பு வலி. அதற்கு மாத்திரையே வேறு. மெடிக்கலில் தினமும் வாங்கிப் போடும் வலி மாத்திரை அதற்குக் கேட்காது.

அந்த மாத்திரையை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். சர்க்கரை இருக்கும் 61 வயதுக்காரர் பதினோரு வாரம் தொடர்ந்து அந்த வகை மாத்திரை போட்டால் விலாவை விட எனக்கு அவர் சிறுநீரகத்தைப் பற்றித்தான் கவலை. வயிற்றுப் புண்ணும் வரும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமாலை எந்த அளவில் போடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுப் போடட்டும்.

பெல்ட்டைக் கழற்றுங்கள். இறுக்கிப் பிடித்தால் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நெஞ்சு விரியாது. நெஞ்சு விரியாவிட்டால் நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கியே கிடக்கும். இருமும்போதோ தும்மும்போதோ மட்டும் ஒரு தலையணையை அந்தப் பக்கம் அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். பெல்ட் தருகிற இதம் அதிலேயே கிடைக்கும், பத்து விநாடியில் எடுத்தும் வைத்துவிடலாம். சித்தப்பாவிடமும் இதையே சொல்லுங்கள். கை காலுக்குப் புத்தூர் கட்டுப் போடுவதைப் பற்றி இங்கே வழக்கு நடத்தப் போவதில்லை. நெஞ்சைச் சுற்றி எந்தக் கட்டும் வேண்டாம், யார் கட்டினாலும் வேண்டாம். நாங்கள் கட்டிப் பார்த்துக் கைவிட்ட வைத்தியம் அது.

பந்துக் கருவி வீட்டில் ஏதாவது மூலையில் கிடக்கும், தேடி எடுங்கள். நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதினால் பந்து ஏறவே ஏறாது, கருவி ரிப்பேர் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல மெதுவாக, நீளமாக உள்ளே இழுக்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை, பத்து இழுப்பு. அன்று இரண்டு பந்து ஏற்றியவர் இன்று எத்தனை ஏற்றுகிறார் என்று பாருங்கள். கூடியிருந்தால் நல்ல சேதி. குறைந்திருந்தால் தாமதிக்காமல் நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். காய்ச்சல், சளியில் ரத்தம், நடந்தால் மூச்சு வாங்குவது, ஒரு காலில் மட்டும் வீக்கம், இதில் எது இருந்தாலும் அன்றே போக வேண்டும்.

இப்போது ஆபரேஷன் செய்யலாமா என்ற கேள்வி. இப்போது வேண்டாம். எலும்பு சேர்கிற வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கலாம், நடுவில் புகுந்து கலைப்பானேன்? ஆறு மாதம் நிறையட்டும். அப்போதும் விரல் அதே இடத்தைத் தொட்டால், 'டொக்' நிற்காவிட்டால், நெஞ்சுக்கு ஒரு சிடி எடுக்க வேண்டும், முப்பரிமாணப் படமும் சேர்த்து. எலும்பு முனைகளுக்கு இடையே இடைவெளி தெளிவாகத் தெரிந்து, வலியும் அதே இடத்தில் இருந்தால், அந்த ஒரு விலாவுக்கு மட்டும் பிளேட் வைக்கலாம். தேவைப்பட்டால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்த இடைவெளியில் வைப்போம். நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்று எந்தக் கதவும் நிரந்தரமாகச் சாத்தப்படவில்லை. படத்தில் இடைவெளி இருந்தும் அப்பாவுக்கு வலி இல்லை என்றால், படத்துக்காக ஆபரேஷன் செய்ய யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதுவரை எலும்பு சேர்வதற்கு நம்மால் ஆனது மூன்று: சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, வைட்டமின் டி அளவைப் பார்த்துக் குறைந்திருந்தால் ஈடுகட்டுவது, பீடியை விடுவது. முதல் இரண்டுக்கும் மாத்திரை இருக்கிறது. மூன்றாவதுதான் சிரமம், எலும்பு சேரவிடாமல் அதிகம் தடுப்பதும் அதுதான். மகள் சொன்னால் கேட்க மாட்டார் என்றால், பீடி நின்று ஆறு வாரம் ஆகாமல் எந்த ஆபரேஷனும் செய்ய மாட்டேன் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். பொய் இல்லை, நான் அப்படித்தான் சொல்வேன்.

கடைசியாகப் பழனி. தைப்பூசத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நடக்கத் தாராளமாகப் போகலாம். சொல்லப்போனால் நாளைக் காலையிலேயே தொடங்கட்டும், ஊர் எல்லை வரை போய் வரட்டும். வாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போனால் தை பிறப்பதற்குள் கால் தயாராகிவிடும், நுரையீரலும் தயாராகிவிடும். சர்க்கரைக்காரர் என்பதால் வெறுங்காலில் நடப்பது எனக்குச் சம்மதமில்லை, செருப்போ கேன்வாஸ் ஷூவோ போடட்டும், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். தோளில் காவடி வைத்துக் கையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தால் விலாவோடு ஒட்டிய தசைகள் எல்லாம் இழுபடும், அது மட்டும் இந்த வருடம் வேண்டாம். காவடியைச் சித்தப்பா எடுக்கட்டும். அப்பாவைக் கட்டுப்போடக் கூட்டிப் போகும் அளவுக்குத் தெம்பு இருக்கிறவர்தானே.